பிணத்தில் முளைத்த மரம்: இருண்ட ஃபேன்டஸியும் க்ரைமும் கலந்த நாவல்களைப் படிக்கத் தொடங்குவது எப்படி

ஒரு பணக்கார வீட்டில் தங்கியிருந்த ராணுவப் பொறியாளர் காலையில் படுக்கையறையில் இறந்து கிடக்கிறார். கத்திக் காயம் இல்லை, கழுத்தில் தடம் இல்லை. அவர் உடம்பைக் கிழித்துக்கொண்டு உள்ளேயிருந்து மரம் முளைத்து நிற்கிறது. விசாரிக்க வருபவன் வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன இளைஞன். அவனுடைய மேலதிகாரி ஒரு அம்மா, அவர் வீட்டை விட்டு வெளியே வருவதே அபூர்வம். பெரும்பாலும் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டுதான் இருப்பார். இவன் பார்த்ததை, கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் போய் ஒப்பிக்க வேண்டும். அதைக் கேட்டே அந்த அம்மா முடிச்சை அவிழ்ப்பார்.

ராபர்ட் ஜாக்சன் பென்னட் எழுதி 2024இல் வெளிவந்த 'தி டெய்ன்டட் கப்' இப்படித்தான் தொடங்குகிறது. அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டஸிக்கும் தரப்படும் ஹியூகோ விருதையும் 2025இல் வாங்கியது. க்ரைம் நாவல் மட்டுமே படித்துப் பழகிய ஒருவர் கையில் இதைக் கொடுத்தால் முதலில் முகம் சுளிப்பார். "உடம்பிலிருந்து மரம் முளைக்கும் என்றால் எதுதான் நடக்காது? அப்புறம் நான் எதை வைத்துக் கொலைகாரனைக் கண்டுபிடிப்பது?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகை நாவலில் கொலைகாரனைத் தேடுவதற்கு முன்னால் விதியைத் தேட வேண்டும். தலைவிதியைச் சொல்லவில்லை, ஆட்டத்தின் விதியைச் சொல்கிறேன். அந்த உலகத்தில் எது நடக்கும், எது நடக்காது, நடந்தால் யார் என்ன விலை கொடுக்க வேண்டும்? அதுதான் உங்கள் கைக்கு வரும் முதல் தடயம். அதைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் நீங்கள் ஏற்கெனவே அறிந்த துப்பறியும் கதைதான்.

முதலில், ஒரு பழைய சண்டையைத் தெரிந்துகொள்ளுங்கள்

1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். துப்பறியும் கதைகளும் எழுதியவர். அவருடைய இரண்டாவது கட்டளை, அமானுஷ்யம் எதுவும் கதைக்குள் வரவே கூடாது என்பது. காரணம் எளிது. பூட்டிய அறைக்குள் ஒருவர் கொல்லப்பட்டிருக்கிறார். எப்படி என்று இருநூறு பக்கம் மூளையைக் கசக்குகிறோம். கடைசியில் "பேய் சுவருக்குள் புகுந்து வந்தது" என்றால் நமக்குக் கோபம் வரும். வாசகரை ஏமாற்றக் கூடாது என்பதே நாக்ஸின் கவலை.

அறிவியல் புனைவின் பக்கத்திலும் இதே சந்தேகம் இருந்தது. அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல், அறிவியல் புனைவும் துப்பறியும் கதையும் ஒட்டாது என்று நினைத்தவர். எதிர்காலத்துத் துப்பறிவாளர் சட்டைப் பையிலிருந்து ஏதாவது ஒரு புதுக் கருவியை எடுத்து நீட்டினால் கதை முடிந்துவிடுமே! இதற்குப் பதிலாக ஐசக் அசிமோவ் எழுதியதுதான் 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்'. 1953இல் 'கேலக்ஸி' பத்திரிகையில் தொடராக வந்து 1954இல் புத்தகமானது.

அசிமோவ் என்ன செய்தார் என்று கொஞ்சம் நின்று பாருங்கள், ஏனென்றால் பின்னால் வந்த அத்தனை கலப்பு நாவல்களுக்கும் திறவுகோல் அங்கேதான் இருக்கிறது. எதிர்கால நியூயார்க்கில் மக்கள் இரும்புக் கூரைக்கு அடியிலேயே வாழ்கிறார்கள். திறந்த வெளி என்றாலே அவர்களுக்கு உயிர் போகிற பயம். நகரத்துக்கு வெளியே, வேற்றுக் கிரகங்களிலிருந்து வந்தவர்களின் குடியிருப்பில் ஒரு கொலை. திறந்த வெளியைத் தாண்டி நடந்து போய்க் கொல்ல எந்த நகரவாசிக்கும் மனம் ஒப்பாது. ரோபோ எளிதாக நடந்து போகும், ஆனால் மனிதனுக்குத் தீங்கு செய்ய முடியாதபடிதான் அதன் மூளையே செய்யப்பட்டிருக்கிறது. ஆக, போகக்கூடியவரால் கொல்ல முடியாது. கொல்லக்கூடியவரால் போக முடியாது. அந்தக் கால மர்மக் கதையில் வரும் பூட்டிய அறையேதான் இது. பூட்டு மட்டும் மாறியிருக்கிறது: இங்கே உலகத்தின் விதியே பூட்டாக இருக்கிறது. அந்த விதியை முன்கூட்டியே நம் கையில் கொடுத்துவிட்டதால் ஏமாற்று வேலை எதுவும் இல்லை.

நாக்ஸின் கவலையை மதித்து, அவருடைய தடையை மட்டும் மீறியவர்கள் என்று இந்த எழுத்தாளர்களைச் சொல்லலாம்.

அடுத்து, உங்கள் வாசலைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். இணையத்தில் "கட்டாயம் படிக்க வேண்டியவை" என்று கிடைக்கும் பட்டியலில் முதலில் இருப்பதை எடுத்து, முப்பது பக்கத்தில் திணறி, "இது எனக்கு ஆகாது" என்று வைத்துவிடுகிறார்கள். நீங்கள் ஏற்கெனவே எதை விரும்பிப் படிக்கிறீர்களோ அதற்குப் பக்கத்து வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

போலீஸ் விசாரணைக் கதைகள் பிடிக்கும் என்றால் பென் ஆரனோவிச்சின் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' (2011) நல்ல வாசல். பீட்டர் கிராண்ட் என்ற இளம் கான்ஸ்டபிள், ஒரு குளிர்கால இரவில் லண்டனின் கோவென்ட் கார்டனில் கொலை நடந்த இடத்தைக் காவல் காக்கிறான். தலை துண்டிக்கப்பட்ட வழக்கு. அப்போது ஒரு ஆள் வந்து, நடந்ததை எல்லாம் பார்த்தேன் என்கிறார். சாட்சி கிடைத்துவிட்டதே என்று இவன் பேசத் தொடங்கினால், அந்த ஆள் செத்துப் பல காலம் ஆனவர். பயந்து ஓடாமல் போலீஸ் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி விவரம் கேட்கிறானே, அந்த இடத்தில்தான் இந்த நாவல் எனக்குப் பிடித்துப்போனது. விதியும் கெட்டியாக இருக்கிறது: மந்திரம் போட்டால் பக்கத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் செல்போன் சிப் மணலாகப் பொடிந்துவிடும். பீட்டர் இதைச் சோதனை செய்து பார்த்து, பாதுகாப்புக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கிறான். நமக்குப் பதிலாக அவனே விதியைக் கண்டுபிடித்துத் தருகிறான். ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்க வராதவர்களுக்கு இதன் ஒலிப்புத்தகத்தைப் பரிந்துரைக்கிறேன். கோப்னா ஹோல்ட்புரூக்-ஸ்மித் குரலில் லண்டனின் பல பேச்சு வழக்குகளும் தனித்தனியாகக் கேட்கும்.

திகில் கதை ரசிகர்களுக்கு ஸ்டீபன் கிங்கின் 'தி அவுட்சைடர்' (2018). ஒரு சிறுவன் கொடூரமாகக் கொல்லப்படுகிறான். கைரேகை, டி.என்.ஏ., நேரில் பார்த்த சாட்சிகள் எல்லாம் ஊரே மதிக்கும் ஒரு விளையாட்டுப் பயிற்சியாளரைக் காட்டுகின்றன. ஆனால் அதே நேரத்தில் அவர் வேறொரு ஊரில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதற்கு வீடியோவே இருக்கிறது. முதல் பாதி சுத்தமான போலீஸ் கதை. தரை எப்போது நழுவுகிறது என்று கவனித்துக்கொண்டே வாருங்கள், அதுவே நல்ல பயிற்சி. எனக்கு இரண்டாம் பாதியைவிட முதல் பாதிதான் உயர்வாகத் தெரிகிறது.

மூளைக்கு வேலை கொடுக்கும் புதிர்கள் வேண்டுமென்றால் அசிமோவிடமோ 'தி டெய்ன்டட் கப்'பிடமோ போங்கள். ஜப்பானியப் புதிர்க்கதைகள் பிடிக்கும் என்றால் மசஹிரோ இமாமுராவின் 'டெத் அமங் தி அண்டெட்' இருக்கிறது. 2017இல் ஜப்பானிய மொழியில் வந்தது. வீட்டைச் சுற்றிச் செத்தும் நடமாடும் ஜோம்பிக் கூட்டம், வெளியே போக வழியில்லை, உள்ளே ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். ஜோம்பியால் எது முடியும், எது முடியாது என்பதை வைத்தே தர்க்கம் ஓடுகிறது.

க்ரைம் என்றால் கொலைதான் என்றும் இல்லை. ஸ்காட் லின்ச்சின் 'தி லைஸ் ஆஃப் லாக் லமோரா' (2006), வெனிஸை நினைவூட்டும் கால்வாய் நகரம் ஒன்றில் நடக்கும் மோசடிக் கதை. திருட்டுத் திட்டம், திட்டத்துக்குள் திட்டம், பிறகு எல்லாம் கைமீறிப் போகும் இருட்டு.

இலக்கிய வாசகர்களுக்கு என் முதல் பரிந்துரை ஷெஹான் கருணாதிலகவின் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மேதா'. 2022இல் புக்கர் பரிசு பெற்ற இலங்கை நாவல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

1990, கொழும்பு. போர்ப் புகைப்படக்காரன் மாலி கண் விழிக்கும்போது செத்திருக்கிறான். செத்தவர்கள் போய்ச் சேரும் இடம் ஒரு வரி அலுவலகம் மாதிரி இருக்கிறது. கூட்டம், கூச்சல், யாருக்கும் சரியான பதில் கிடைக்கவில்லை. தன்னைக் கொன்றது யார் என்று அவனுக்கே நினைவில்லை. ஏழு நிலவுகள், அதாவது ஏழு இரவுகள்தான் அவகாசம். அதற்குள் கொலைகாரனையும் கண்டுபிடிக்க வேண்டும். படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்த புகைப்படங்களையும் தன் அன்புக்குரியவர்கள் கண்ணில் படச் செய்ய வேண்டும். 1983 கலவரத்தின் படங்களும் அவற்றில் இருக்கின்றன. செத்தவனே துப்பறிவாளன், ஆனால் அவனால் ஒரு கடிதத்தைக்கூடத் திருப்ப முடியாது. உயிரோடு இருப்பவர்கள் அவன் பெயரைச் சொல்லும் இடத்துக்கு அவனால் போக முடியும். இந்த ஒரு விதியை எடுத்துப் பாருங்கள். யார் உன்னைப் பற்றிப் பேசுகிறார்களோ அங்கே நீ இருக்கிறாய். விசாரணைக்கு அது வழி. காணாமல் போனவர்களின் தாய்மார்களுக்கோ அது வேறொரு பொருள் தருகிறது. விதியும் துயரமும் ஒன்றாகவே நிற்கும் இடம் இது. செத்தவர்களுக்கு வழிகாட்டும் டாக்டர் ராணி என்ற தமிழ்ப் பேராசிரியர் பாத்திரத்தைப் படிக்கும்போது, 1989இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவப் பேராசிரியர் ராஜினி திராணகம நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். அவர் மற்றவர்களோடு சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' படித்தவர்கள் அந்தப் பக்கங்களில் கொஞ்ச நேரம் நின்றுவிடுவார்கள். நான் நின்றேன்.

முதல் ஐம்பது பக்கம்: ஒரு நோட்டும் பேனாவும்

படிக்கும்போது குறிப்பெடுப்பது பள்ளிக்கூட வேலை என்று தோன்றும். ஆனால் இந்த வகையில் முதல் இரண்டு மூன்று நாவல்களுக்கு அது கட்டாயம் என்பேன். இதை நான் கற்றுக்கொண்டது சைனா மியேவிலின் 'தி சிட்டி அண்ட் தி சிட்டி' (2009) படித்தபோதுதான். முதல் முறை அறுபது பக்கத்தில் விட்டுவிட்டேன். ஒரு வருஷம் கழித்து நோட்டோடு உட்கார்ந்தேன்; மூன்றே நாளில் முடிந்தது. 2010இல் ஹியூகோ, உலக ஃபேன்டஸி விருது, ஆர்தர் சி. கிளார்க் விருது மூன்றும் இதற்குக் கிடைத்தன. வாங்கத் தகுந்த புத்தகம்தான் என்று இரண்டாம் முறைதான் எனக்குப் புரிந்தது.

நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் 'உலகம்', வலது பக்கம் 'வழக்கு'. வழக்கில் என்ன எழுதுவது என்று க்ரைம் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை: சடலம், நேரம், சாட்சி, பொய் சொல்வதாகத் தோன்றுபவர். உலகத்தின் பக்கம் மூன்று விஷயம்: எது முடியும், எது கூடாது, மீறினால் என்ன ஆகும்.

மியேவிலின் நாவலையே எடுத்துக்கொள்வோம். பெஸெல் என்று ஒரு நகரம். கிழக்கு ஐரோப்பாவின் ஓரத்தில் எங்கோ இருக்கிற, கொஞ்சம் நொடிந்துபோன ஊர். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பக்கத்தில், பிள்ளைகள் ஸ்கேட்டிங் விளையாடும் இடத்தில், பழைய மெத்தைக்கு அடியில் ஒரு பெண்ணின் சடலம். டியாடோர் போர்லு என்ற இன்ஸ்பெக்டர் விசாரிக்கிறார். எல்லாம் வழக்கமான க்ரைம் நாவல்தான். முதல் அத்தியாயத்தின் கடைசியில் அவர் தற்செயலாகத் திரும்பி, தெருவில் நடந்து போகும் ஒரு வயதான பெண்ணைப் பார்க்கிறார். அவளும் பார்க்கிறாள். அடுத்த நொடி அவருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அவள் அந்தத் தெருவில் இல்லை. அவளைத் தான் பார்த்திருக்கவே கூடாது.

அவ்வளவுதான், அத்தியாயம் முடிந்துவிடும். மியேவில் விளக்கம் எதுவும் தரமாட்டார். இங்கேதான் பலர் குழம்பிப் போய்ப் புத்தகத்தை மூடுகிறார்கள், நானும் இந்த இடத்திலிருந்தே தடுமாறத் தொடங்கினேன். ஆனால் நோட்டு கையில் இருந்தால் என்ன செய்வீர்கள்? இடது பக்கம் எழுதுவீர்கள்: "ஒரே இடத்தில் இருந்தும் வேறு இடத்தில் இருப்பவர்கள் உண்டு. அவர்களைப் பார்க்கக் கூடாது." பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அது போதும். போகப் போக நிரப்பலாம்.

நிரம்புகிறது. பெஸெல் இருக்கும் அதே நிலத்தில் உல் கோமா என்ற இன்னொரு நகரமும் இருக்கிறது. சில தெருக்கள் முழுக்க இவர்களுடையவை, சில அவர்களுடையவை, பல தெருக்கள் இருவருக்கும் பொது. நடை, உடையின் நிறம், கட்டடத்தின் பாணி இவற்றை வைத்து யார் எந்த ஊர்க்காரர் என்று சிறு வயதிலேயே பழகிக்கொள்கிறார்கள். அடுத்த ஊர்க்காரர் உரசிக்கொண்டு போனாலும் பார்க்காதவராக இருக்க வேண்டும். ஒரே தெருவில் நடந்துகொண்டே சிலரைப் பார்க்காமல் இருக்கப் பழகுவதைப் பற்றிப் படிக்கும்போது என் ஊர்த் தெருக்களும் எனக்கு நினைவுக்கு வந்தன. எல்லையை மீறுவது அங்கே கொலையைவிடப் பெரிய குற்றம். மீறியவரை 'பிரீச்' என்ற சக்தி வந்து கொண்டுபோய்விடும்.

இப்போது வலது பக்கம் பாருங்கள். கொல்லப்பட்ட பெண் உல் கோமாவில் ஆய்வு செய்துகொண்டிருந்தவள். சடலம் கிடப்பதோ பெஸெலில். எப்படி வந்தது? எல்லையை மீறித் தூக்கி வந்து போட்டிருந்தால் வழக்கு பிரீச்சிடம் போய்விடும், போர்லுவுக்கு நிம்மதி. சட்டப்படியான சாவடி வழியாக வந்திருந்தால்? அப்படியானால் வழக்கு அவர் தலையில்தான். இடது பக்க வரி ஒன்று வலது பக்க வரி ஒன்றை இப்படித் தொடும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போடுங்கள். இந்த வகை நாவலின் உண்மையான இன்பம் அந்தக் கோடு விழும் நொடியில் இருக்கிறது. இதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன். பி.பி.சி. எடுத்த தொலைக்காட்சித் தொடரையும் புத்தகத்துக்கு அப்புறம் பாருங்கள். பார்க்காமல் பார்ப்பது என்றால் என்ன என்பதை நம் மனத்துக்குள்ளேயே செய்ய வைப்பது எழுத்துதான்.

புதுச் சொற்களைக் கண்டு பயப்பட வேண்டாம்

இந்த நாவல்களில் அகராதியில் இல்லாத சொற்கள் நிறைய வரும். மியேவில் ஊருக்கு ஊர் சொல் செய்து வைத்திருக்கிறார். பென்னட்டில் பதவிப் பெயர்களே தலை சுற்றும். அகராதியைப் புரட்டாதீர்கள், கூகுளிலும் தேடாதீர்கள். தேடினால் சொல்லின் பொருளோடு கொலைகாரனின் பெயரும் சேர்ந்து வந்துவிடும். மூன்று முறை வந்த சொல் மட்டும் முக்கியம் என்று வைத்துக்கொண்டு, அதை இடது பக்கம் எழுதி, ஊகித்த பொருளைத் தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நாற்பதாம் பக்கத்தில் எழுதிய பொருள் நூறாம் பக்கத்தில் மாறும். மாறட்டும்.

பேய் உண்மையா, பொய்யா, தெரியாதா?

பாதி நாவல் வந்ததும் இந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். அமானுஷ்யம் வரும் க்ரைம் கதை மூன்றில் ஒரு வழியில் போகும்.

ஒன்று, கடைசியில் எல்லாவற்றுக்கும் மனித விளக்கம் வரும். 1901 - 1902இல் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் தொடராக வந்த 'பாஸ்கர்வில்ஸ் வேட்டை நாய்' இதற்கு நல்ல உதாரணம். ஹோம்ஸ் பேயை நம்புபவர் இல்லை. இரண்டு, பேய் பேய்தான், மந்திரம் மந்திரம்தான். மேலே சொன்ன நாவல்களில் பல இந்த ரகம். மூன்று, கடைசி வரைக்கும் இரண்டு விளக்கமும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வரும், எதை நம்புவது என்று தீர்மானிக்க முடியாது. பிரெஞ்சு மொழியில் எழுதிய விமர்சகர் த்ஸ்வெதான் தொதரோவ் 1970இல் இந்த மூன்றையும் பிரித்து, அந்தத் தயக்கத்தைத்தான் அதிபுனைவின் உயிர் என்று சொன்னார். தமிழ் வாசகருக்கு இதைப் புரிந்துகொள்ளக் கோட்பாடு தேவையில்லை. 1990களில் சன் டிவியில் வந்த இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு' பார்த்தவர்கள், குதிரையில் வருவது கருப்புசாமியா ஆளா என்று வாரா வாரம் வீட்டில் வாதாடியிருப்பார்கள். அந்த வாதம்தான் தொதரோவ் சொன்ன தயக்கம்.

இதை ஏன் பாதியில் கேட்க வேண்டும்? எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளத்தான். மூன்றாம் ரக நாவலை முதல் ரகமாக நினைத்துப் படித்தால் முடிவில் வீணாக ஏமாந்துபோவோம்.

இருட்டு எவ்வளவு தாங்கும்?

இதை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட வேண்டும். இந்த நாவல்களில் வன்முறை கடுமையாக இருக்கும். தென்னாப்பிரிக்க எழுத்தாளர் லாரன் பியூக்கஸின் 'தி ஷைனிங் கேர்ள்ஸ்' (2013) ஒரு தொடர் கொலைகாரனைப் பற்றியது. சிகாகோவில் உள்ள ஒரு வீடு அவனை வேறு வேறு ஆண்டுகளுக்குக் கொண்டுபோகிறது. கொல்லப்படும் ஒவ்வொரு பெண்ணையும் முதலில் ஒரு முழு மனுஷியாக, வேலையும் ஆசையும் உள்ளவளாக நமக்கு அறிமுகம் செய்துவிட்டுத்தான் பியூக்கஸ் கொலைக்கு வருகிறார். அது நாவலின் பலம். மனசு சரியில்லாத வாரத்தில் அதைத் தொடாதீர்கள்.

அதே ஆசிரியரின் 'ஸூ சிட்டி' (2010) தொடங்குவதற்குக் கொஞ்சம் இலகு. 2011இல் கிளார்க் விருது பெற்றது. ஜோகன்னஸ்பர்கில் பெரும் குற்றம் செய்தவர்களோடு ஒரு விலங்கு ஒட்டிக்கொள்கிறது, பிரிய முடியாது. நாயகி ஸின்ஸியின் முதுகில் ஒரு ஸ்லாத், மரத்தில் தொங்கியபடி மெதுவாக நகரும் விலங்கு. குற்றத்தை மறைக்கவே முடியாத ஊரில் துப்பறியும் கதை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இருட்டு அதிகமாகிவிட்டால் ஒரு அத்தியாயத்தைத் தாண்டிப் போவதில் தவறே இல்லை. இரவில் படுக்கப் போகும் முன் படிப்பதை நான் விட்டுவிட்டேன்; மாலை வெளிச்சத்தில் படிக்கிறேன். கொடுமை எதற்காக வருகிறது என்றும் கேளுங்கள். பாதிக்கப்பட்டவரின் பெயர் ஐம்பது பக்கம் கழித்தும் உங்கள் நினைவில் இருந்தால் எழுத்தாளர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். சடலம் மட்டும் நினைவில் இருந்து ஆள் மறந்துபோனால் அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

எந்த வரிசையில் படிப்பது?

எல்லாருக்கும் ஒரே வரிசை ஒத்துவராது. ஆனாலும் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. முதலில் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' அல்லது 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்'. இரண்டிலும் விதிகளை எழுத்தாளரே பொறுமையாகச் சொல்லித் தருவார். இரண்டாவது 'தி டெய்ன்டட் கப்': விதிகள் அதிகம், ஆனால் எல்லாம் நம் கண்முன்னே இருக்கும். மூன்றாவதாகக் கருணாதிலக. "நீ" என்று முன்னிலையில் எழுதப்பட்ட கதை என்பதால் முதல் சில பக்கம் வித்தியாசமாக இருக்கும், பழகிவிடும். அதற்குப் பிறகு மியேவில்.

புதிர் இன்னும் கடினமாக வேண்டும் என்று கை அரிக்கிறதா? ஸ்டூவர்ட் டர்ட்டனின் 'தி செவன் டெத்ஸ் ஆஃப் ஈவ்லின் ஹார்ட்காசில்' (2018) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாளிகை, ஒரு விருந்து, ஒரு கொலை. ஒரே நாளை எட்டு வேறு வேறு உடல்களில் நாயகன் வாழ வேண்டும். இதற்கு இரண்டு பத்தி நோட்டு போதாது. எந்த உடல் எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று தனியாக அட்டவணை போடுங்கள்.

முடித்ததும் முதல் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள்

முழுப் புத்தகத்தையும் மறுபடி படிக்கச் சொல்லவில்லை. முதல் அத்தியாயம் மட்டும், நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. முதல் முறை புரியாமல் கேள்விக்குறி போட்ட இடங்களில் இப்போது விடை தெரியும். எழுத்தாளர் நேர்மையாக நடந்துகொண்டாரா, விதியை முன்பே காட்டினாரா, இல்லை கடைசி நேரத்தில் புதிதாக ஒன்றை நுழைத்தாரா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

நான் மியேவிலின் முதல் அத்தியாயத்துக்கு அப்படித் திரும்பினேன். முதல் வாசிப்பில் அந்த வயதான பெண் மட்டும்தான் என் கண்ணில் பட்டிருந்தாள். இரண்டாம் முறை போர்லுவைப் பார்த்தேன். அவள் நடந்து போய்க்கொண்டிருக்கிறாள். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தன் ஊர்த் தெருவின் நொடிந்துபோன கட்டட முகப்புகளையே, வேறெதற்கும் கண்ணில் இடமில்லாதவர் மாதிரி, மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.